கல்லடி ரூமுக்கு ஒண்டு, காரைதீவு ரூமுக்கு வேற ஒண்டு: சின்ன அறைக்கு ஸ்பீக்கர் எடுக்கிற விசயம்

போன மாசம் காரைதீவில இருந்து மச்சான் கோல் எடுத்தவர். "மச்சான், உன்ட ரூம்ல இரிக்கிற ஸ்பீக்கர் போல ஒரு சோடி நானும் எடுக்கப் போறன்கா, பேரை மட்டும் அனுப்பிவிடு" எண்டார். நான் பேர் அனுப்பல்ல. ரூம்ட நீளம் அகலம் உயரம் மூண்டையும் அளந்து அனுப்பு, கூரை என்ன, சீலிங் அடிச்சிரிக்கா, எந்த இடத்தில இருந்து கேக்கப் போறாய், கதிரையிலயா பாயிலயா, இவ்வளவையும் சொல்லு எண்டன். ஸ்பீக்கர் வாங்க வீட்டுப் பிளான் எதுக்குடா எண்டு கேட்டார். அதுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்க கொஞ்சம் விரிச்சு எழுதுறன், ஏனெண்டா இதே கேள்விய வேற நாலஞ்சு பேரும் கேட்டிட்டாங்க, எல்லாருக்கும் ஒரே பேரைச் சொன்னா அது பிழையான பதிலாத்தான் போகும்.

முதல் எங்கட ரூம். நான் கலியாணம் கட்டி வந்த வீடு மட்டக்களப்புக் கல்லடியில, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பின்பக்கத்து ரூம் 10 அடிக்கு 11 அடி, உயரமும் 10 அடி, நாலு பக்கமும் கல்லுச் சுவர், மேல கொங்கிரீட், கீழ டைல்ஸ், ஒரே ஒரு ஜன்னல். இந்த ரூமுக்கு நான் முதல் எடுத்தது நிலத்தில நிக்கிற பெரிய டவர் ஸ்பீக்கர் ஒரு சோடி. கடையில பெரிய ஹோல்ல வைச்சுக் கேக்கைக்க அவ்வளவு வடிவா இருந்தது, கையில கொஞ்சம் காசும் இருந்தது, எடுத்திட்டன்.

வீட்டில வைச்சு முதல் போட்டுப் பாத்தது ஒரு கூத்துப் பதிவு. எங்கட மூத்த மாமா வாவிக்கு அங்கால படுவான்கரையில அண்ணாவியார், அவர் பழக்கின வடமோடிக் கூத்து அரங்கேறின ராவு கூத்தாடுற வட்டக்களரிக்குக் கிட்ட நிண்டு நானே ரெகோட் பண்ணினது, ஆகவே அந்த மத்தளம் நேரில எப்பிடிக் கேட்டது எண்டு என்ட காதுக்கு நல்லாத் தெரியும். மத்தளத்தில ஒரு அடி விழுந்தா அது விழுந்த இடத்திலயே இறுகி நிக்கும், அடுத்த அடி வாறதுக்கு நடுவில ஒரு சின்ன வெறுமை இருக்கும், அந்த வெறுமைக்குள்ளதான் கைத்தாளம், எங்கட சல்லரி, "சிலீர்" எண்டு விழும், ஆட்டக்காரன்ட காலும் அதிலதான் விழும். என்ட ரூம்ல அந்த வெறுமையே இல்ல. "தொம்" எண்டு நிக்க வேண்டியது "தொம்ம்ம்ம்" எண்டு இழுபட்டு அடுத்த அடிக்கு மேல ஏறிப் படுத்திட்டு, சல்லரி எங்கயோ பின்னால போயிட்டு, மாமாட குரல் பானைக்குள்ள இருந்து பாடுற மாதிரி. நான் எழும்பி ரூம்ட நடுவில வந்து நிண்டா பேஸ், அந்தக் கீழ்ச் சத்தம், பாதி காணாமப் போகுது, சுவரோட சாஞ்சா ரெண்டு மடங்கு வருது. ஸ்பீக்கர் பழுது எண்டுதான் முதல் நினைச்சன். பழுது ஸ்பீக்கர்ல இல்ல, பத்து அடி இடைவெளியில ஒண்டுக்கொண்டு எதிரா நிக்கிற ரெண்டு கல்லுச் சுவர்லதான்.

கணக்கு இதுதான். எங்கட வெக்கைக்கு காத்தில சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். 10 அடி எண்டா 3.05 மீற்றர். ரெண்டு சுவருக்கும் இடையில அரை அலை சரியாப் பொருந்துற சத்தம் எதுவோ அது அந்த ரூம்ல ஊஞ்சல் மாதிரி ஆடும், போனதும் வந்ததும் ஒண்டுக்கொண்டு கை குடுத்துக் கூடிக்கொண்டே போகும். 350ஐ ரூம் நீளத்திட ரெண்டு மடங்கால பிரிச்சா அந்த நம்பர் வரும்: 10 அடிக்கு 57 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 57 அதிர்வு), 11 அடிக்கு 52 ஹேர்ட்ஸ். எங்கட ரூம்ட உயரமும் 10 அடி, அப்ப அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரே 57, ரெண்டும் ஒண்டு சேந்து முழங்கும். பேஸ் கிற்றார்ட ரெண்டாவது தடிச்ச கம்பி, ஏ கம்பி, சும்மா மீட்டினா 55 ஹேர்ட்ஸ். எண்பதுகள்ல வந்த பாட்டுகள்ல பேஸ் கிற்றார் தனியா ஒரு வழியில நடந்து போகும் தானே, அந்த நடையில ஏ வாற ஒவ்வொரு இடத்திலயும் என்ட ரூம்ல ஜன்னல் கண்ணாடி அதிரும், மற்ற சுரம் எல்லாம் சும்மா வந்து போகும். 30 அடி ஹோல் எண்டா அந்த நம்பர் 19க்குப் போயிரும், அது காதுக்கே கேக்காது, அதாலதான் கடையில அவ்வளவு வடிவாக் கேட்டது.

இது விளங்கினா பிறகு ஸ்பீக்கர் தெரிவு செய்யிற விதமே மாறும். கூட பேஸ் வாறது நல்ல ஸ்பீக்கர் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது, டப்பால "40 ஹேர்ட்ஸ் வரை" எண்டு போட்டிருந்தா சந்தோசப்படுவம். சின்ன கல்லு ரூமுக்கு அது பிழை எண்டு நான் உறுதியாச் சொல்லுவன். ரூம் எந்த இடத்தில முழங்குதோ அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலயே சத்தம் குறையத் தொடங்குற ஸ்பீக்கர்தான் அங்க நேராக் கேக்கும், ஏனெண்டா மிச்சத்தை ரூம் தானாப் போட்டுத் தரும்.

அப்பிடிப் பாத்தா, இப்ப என்னட்ட இருக்கிற கியூ அக்கூஸ்டிக்ஸ் 3020ஐ (3020i) எண்ட சின்ன ஸ்பீக்கர் என்ட ரூமுக்குச் சரி. அஞ்சு இஞ்சி வூபர் (கீழ்ச் சத்தம் தாற பெரிய கூம்பு), கம்பனி போட்டிருக்கிற கீழ்க் கணக்கு 64 ஹேர்ட்ஸ், 88 டெசிபல், 6 ஓம் (கடைசி ரெண்டும் எதுக்கு எண்டு பிறகு சொல்லுறன்). 64க்குக் கீழ அதுக்குச் சத்தம் வேகமா விழும், என்ட ரூம்ட 52, 57 ரெண்டும் அதுக்குக் கீழதான் கிடக்கு. டவர் போன இடத்தில இந்தச் சின்னப் பெட்டி ரெண்டையும் வைச்சு அதே கூத்தைப் போட்டன். மத்தளம் நிண்டது. அந்த வெறுமை திரும்ப வந்திட்டு. கீழ்ச் சத்தம் டவர் அளவுக்கு இல்லதான், ஆனா எந்தக் கையால எந்தப் பக்கத்தில அடிக்கிறார் எண்டு பிரிச்சுச் சொல்லலாம், டவர்ல அது ஒரு நாளும் ஏலாமப் போனது. மாமா ஒருக்கா வந்து இருந்து கேட்டிட்டு, "ஆ, இப்பதான் தோல் கேக்குது மனே" எண்டார். எனக்கு அந்தச் சொல்லு போதும்.

இதே வகையில வார்ஃபடேல் டயமண்ட் 12.1ம் நல்லது, அதுவும் அஞ்சு இஞ்சி, கொஞ்சம் இதமான குரல், பழைய பாட்டுக்கு நல்லாப் பொருந்தும். கேஇஎஃப் கியூ150 வேற மாதிரி: ட்வீட்டரை, மேல்ச் சத்தம் தாற சின்னதை, வூபர்ட நடுவிலயே வைச்சிருப்பாங்க, யூனி-கியூ எண்டு சொல்லுறது, 1988ல இருந்து அவங்க செய்யிற வேலை. சின்ன ரூம்ல அதுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கு. மேல ஒரு ட்வீட்டர் கீழ ஒரு வூபர் எண்டு இருந்தா ரெண்டு சத்தமும் ஒண்டாச் சேர கொஞ்சத் தூரம் வேணும், நாலடி அஞ்சடிக்குள்ள குந்திக்கொண்டு கேட்டா தலையைக் கொஞ்சம் உயத்தினாலும் பதிச்சாலும் குரல் மாறும், ரெண்டும் ஒரே இடத்தில இருந்து வந்தா அந்தப் பிரச்சினை குறைவு. ஆனா கியூ150 கீழ 51 வரைக்கும் போகும், என்ட ரூமுக்கு அது சரியா முழங்குற இடம், அதாலதான் நான் அதை எடுக்கல்ல. மேசையில வைச்சுக் கிட்ட இருந்து கேக்கிற ஆளுக்கும், மூண்டு பக்கமும் வேற வேற அளவுள்ள ரூமுக்கும் நான் அதைத்தான் முதல் சொல்லுவன். அதே கம்பனிட எல்எஸ்50 மெட்டா 2020ல வந்தது, அமெரிக்காவில 1500 டொலருக்கு. கேட்டிருக்கன், மனிசக் குரல் அப்பிடி ஒரு வடிவு, ஆனா அந்தக் காசில எங்கட ஆக்கள் ஒரு ரூமையே திருத்திக் கட்டலாம், ரூமைத் திருத்தாம அதை வாங்கி வைக்கிறது எனக்குச் சரியாப் படல்ல.

சின்ன ஸ்பீக்கரால ஏலாது எண்டு சொல்லுறவங்களுக்கு ஒண்டு சொல்லணும். 1970கள்ல பிபிசி தங்கட வெளிக்கள ஒலிபரப்பு வான் உள்ளுக்க வைச்சுக் கேக்க எண்டு எல்எஸ்3/5ஏ எண்டு ஒரு ஸ்பீக்கர் செய்தாங்க. வான் எண்டா என்ட ரூமைவிடச் சின்ன இடம். சின்னப் பெட்டி, அஞ்சு இஞ்சிக்குக் கிட்டின வூபர், பின்னால ஓட்டை இல்லாம முழுசா மூடின பெட்டி. ஒலிபரப்புற குரல் சரியா இருக்கா எண்டு தீர்ப்புச் சொல்ல அதைத்தான் நம்பினாங்க. அம்பது வருசத்துக்குப் பிறகும் ஆக்கள் அதைத் தேடி வாங்குறாங்க. சின்ன இடத்துக்குச் சின்னப் பெட்டி எண்டது காசில்லாதவன் சொல்லுற சமாதானம் இல்ல.

மூடின பெட்டிக்கும், கீழ்ச் சத்தத்தைக் கூட்ட ஓட்டை வைச்ச பெட்டிக்கும் இருக்கிற வித்தியாசம் இங்க முக்கியம். மூடினது கீழ போகப் போக மெல்ல மெல்லச் சரியும், ஒரு எட்டுச் சுரப் படிக்கு (ஹேர்ட்ஸ் பாதியாகிற ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல். ஓட்டை வைச்சது ஒரு இடம் வரைக்கும் பிடிச்சுக்கொண்டு வந்து பிறகு 24 டெசிபலா விழும். மூடின சின்ன ரூம்ல, ரூம் தானாக் கீழ்ச் சத்தத்தைக் கூட்டித் தாறதால அந்த மெல்லிய சரிவு அப்பிடியே நிரம்பிடும். ஆனா வெளிநாட்டுக்காரர் சொல்லுற இந்தக் கணக்கு எங்கட வீடுகளுக்கு அப்பிடியே வராது. அவங்கட ரூம் குளிருக்குப் பூட்டின ரூம். எங்கட ரூம்ல ஜன்னல் திறந்திருக்கும், சுவருக்கு மேல காத்தோட்டத்துக்குப் பூக்கல்லு வைச்சிருப்பம், ஓட்டுக் கூரை எண்டா சுவருக்கும் கூரைக்கும் நடுவில கையே போகும். கீழ்ச் சத்தம் அந்த வழியால வெளிய போயிரும். சுவர் கல்லா இருக்கிற வரைக்கும் முழங்குற இடம் முழங்கத்தான் செய்யும், ஆனா ரூம் கூட்டித் தாற பங்கு குறையும்.

காரைதீவு மச்சான்ட ரூம் சரியா அந்த வகை. அவர் அளந்து அனுப்பினது 9 அடிக்கு 12 அடி, ஓட்டுக் கூரை, சீலிங் இல்ல, ஹோல்ப் பக்கச் சுவர் பலகை, சீமெந்துத் தரையில பெரிய பன்பாய். 12 அடிக்கு 48 ஹேர்ட்ஸ், 9 அடிக்கு 64. ரெண்டும் தள்ளித் தள்ளி விழுது, கூரை சரிவா உயரமா இருக்கிறதால மூண்டாவது நம்பர் எண்டு ஒண்டு குத்தி நிக்காது, பலகைச் சுவர் தானும் கொஞ்சம் அதிர்ந்து கீழ்ச் சத்தத்தைக் குடிச்சிரும். என்ட 3020ஐயைக் கொண்டுபோய் அங்க வைச்சா மெலிஞ்சு கேக்கும். அவருக்கு நான் சொன்னது ஆறரை இஞ்சி வூபர் உள்ள எலாக் டெபியூ பி6.2. 44 ஹேர்ட்ஸ் வரைக்கும் போகும், 87 டெசிபல், 6 ஓம், ஓட்டை முன்பக்கம் இருக்கிறதால சுவருக்கு ஒரு முழம் கிட்டப் போனாலும் சமாளிக்கும். கல்லடியில குமுறுற ஸ்பீக்கர் காரைதீவில சரியாக் கேக்கும். பேர் அனுப்பாம அளவு கேட்டது இதுக்குத்தான்.

இப்ப அடுத்தது, அம்ப் (சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டுற பெட்டி) தனியா வேணுமா, ஸ்பீக்கருக்குள்ளயே இருக்கிறது போதுமா. இதில நான் காசு கையில எவ்வளவு எண்டு கேட்டுத்தான் பதில் சொல்லுறது. கையில குறைவா இருக்கு, போன்ல இருந்து புளூடூத்ல கேட்டாப் போதும் எண்டா, எடிஃபையர் ஆர்1280டிபி மாதிரி நாலு இஞ்சி பவர்ட் ஸ்பீக்கர். 42 வாட், ஆர்எம்எஸ் கணக்கில, அதாவது தொடர்ந்து குடுக்கக்கூடிய உண்மையான பவர். ஓட்டை முன்னால. படிக்கிற மேசையில ரெண்டு பக்கமும் வைச்சுக் கேக்கிற பிள்ளைக்கு அதுக்கு மேல செலவழிக்க வேண்டியதில்ல. ஸ்டூடியோ மொனிட்டர் எண்டு யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி எண்டு இருக்கு, அஞ்சு இஞ்சி, வூபருக்கு ஒரு அம்ப் ட்வீட்டருக்கு ஒரு அம்ப் உள்ளுக்கயே இருக்கும். பாட்டுப் பதியிற, எடிட் பண்ணுற ஆக்களுக்கு அதுதான். அதில எனக்குப் பிடிச்ச விசயம் பின்னால இருக்கிற சின்ன சுவிட்ச்: எச்எஸ்5ல கீழ்ச் சத்தத்தை 2 இல்லாட்டி 4 டெசிபல் குறைக்கலாம், ஜேபிஎல்லில 1.5 இல்லாட்டி 3. சுவருக்குக் கிட்ட வைக்கிறதுக்கு எண்டே போட்டது. என்ட ரூம் மாதிரி ரூம்ல அந்தச் சுவிட்ச் பெரிய உதவி. ஆனா வேலை முடிஞ்சு வந்து சாஞ்சு கிடந்து கேக்கிறதுக்கு அது கொஞ்சம் கூர்மை, பதிவில இருக்கிற ஒவ்வொரு பிழையையும் காட்டிக்கொண்டு இருக்கும்.

நான் தனி அம்ப் பக்கம் போனதுக்குக் காரணம் சவுண்ட் இல்ல, கல்லடிக் காத்து. கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், இரும்பு எண்டு எதையும் வைக்கேலா, ஒரு வருசத்தில கறள் பிடிச்சிரும். பவர்ட் ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற அம்ப்ட சர்க்கிட் போர்ட் அந்த உப்புக் காத்தையும் தன்ட வெக்கையையும் சேத்துத் தாங்கணும், இதுக்கிடையில கரண்ட் போய்ப் போய் வரும், வொல்டேஜ் ஏறி இறங்கும், ஐப்பசி இடியில எத்தினை வீட்டில ரீவி போயிருக்கு. அந்தப் போர்ட் போனா ஸ்பீக்கர் ரெண்டும் வெறும் பெட்டி. தனி அம்ப் எண்டா அம்பை மட்டும் தூக்கிக்கொண்டு திருத்தக் குடுக்கலாம், இல்லாட்டி வேற ஒண்டு மாத்தலாம், ஸ்பீக்கர் இருபது வருசம் கிடக்கும். ஸ்பீக்கர் வூபர்ட ஓரத்தில இருக்கிற வளையம் ரப்பரா எண்டு ஒருக்கா விரலால அமத்திப் பாருங்க. பழைய செட்டுகள்ல அது ஃபோம், எங்கட ஈரத்துக்கு அது பிஸ்கட் மாதிரி உதிரும். செகண்ட் ஹாண்ட் எடுக்கிற ஆக்கள் இதைப் பாக்காம எடுக்க வேணாம்.

செகண்ட் ஹாண்ட் எண்டோடன ஜப்பான் செட் ஞாபகம் வருது. ஜப்பான்ல இருந்து வாற பழைய அம்ப்புகள் சில நேரம் நல்ல விலைக்குக் கிடைக்கும், பாரமா, அலுமினிய முகப்போட, பாத்தாலே ஆசை வரும். வாங்கலாம், ஆனா அது 100 வொல்ட். எங்கட பிளக்ல 230. அக்கரைப்பற்றுல எனக்குத் தெரிஞ்ச ஒராள் அதைப் பாக்காம நேராக் குத்தி, சுவிட்ச் போட்ட செக்கன்ல மணந்து புகைஞ்சு முடிஞ்சிட்டு. பின்பக்கம் எழுதியிருக்கிற வொல்ட்டைப் பாத்து, 100 எண்டா ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் ஒண்டும் சேத்துக் கணக்குப் போடுங்க.

வாட் கணக்கில ஆக்கள் ஆகலும் ஏமாறுறாங்க. 2000 வாட் எண்டு ஸ்டிக்கர் ஒட்டினது எல்லாம் பிஎம்பிஓ கணக்கு, ஒரு கண உச்சத்தை ஊதிக் காட்டுறது, அதுக்கு அர்த்தமே இல்ல, ஆர்எம்எஸ் எவ்வளவு எண்டு மட்டும் கேளுங்க. என்ட ஸ்பீக்கர் 88 டெசிபல் எண்டா, ஏறத்தாழ 1 வாட் குடுத்தா 1 மீற்றர் தூரத்தில அந்தளவு சத்தம் வரும் எண்டு அர்த்தம். நான் இருக்கிறது 2 மீற்றர்ல. தூரம் ரெண்டு மடங்கானா 6 குறையும், ஸ்பீக்கர் ரெண்டு எண்டதால ஒரு 3 கூடும், ஆக 85. வீட்டில ராவில நான் கேக்கிறது 70, 75 டெசிபல். அப்ப பெரும்பாலும் கால் வாட் கூடப் போறதில்ல. மத்தளம் ஒரு அடி பலமா விழைக்க அதுக்கு 20 டெசிபல் மேல எழும்பும், அது நூறு மடங்கு பவர், எண்டாலும் 10, 15 வாட்டுக்குள்ள முடிஞ்சிரும். நல்ல 30, 40 வாட் அம்ப் சின்ன ரூமுக்குத் தாராளம். டிபிஏ3116 சிப் போட்ட சின்ன அம்ப் ஒண்டே இந்த வேலைக்குப் போதும், ட்யூனர், சிடி எல்லாம் பூட்டுற ஆள் எண்டா யமஹா ஏ-எஸ்301 மாதிரி 60 வாட் ஒண்டுக்குப் போங்க. 6 ஓம் ஸ்பீக்கரை அம்ப் தாங்குமா எண்டு மட்டும் பாக்கணும்.

சப் வூபர் (கீழ்ச் சத்தத்துக்கு எண்டே ஒரு தனிப் பெட்டி) வேணுமா எண்டு கேட்டா, கல்லுச் சுவர் ரூமுக்கு வேணாம். 2.1 செட்டுகள்ல (ரெண்டு ஸ்பீக்கர், ஒரு சப்) வாற சின்ன சப் பெரும்பாலும் அந்த 50, 60 ஹேர்ட்ஸ் சுத்தித்தான் உதைக்கும், எங்கட ரூம் முழங்குற அதே இடம். பக்கத்து வீட்டுக்கும் அதுதான் சுவர் தாண்டிப் போகும், சோதனைக்குப் படிக்கிற பிள்ளை உள்ள வீடு எண்டா அது பாவம்.

வைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுங்க, இதுக்குக் காசு இல்ல. ஸ்பீக்கரை மூலைக்குள்ள தள்ள வேணாம், மூலை எண்டா ரெண்டு சுவரும் சேந்து கீழ்ச் சத்தத்தைக் கூட்டும். பின் சுவரில இருந்து ஒண்டரை அடியாவது இழுங்க. நீங்க இருக்கிற இடம் சுவரோட ஒட்டினா முழக்கம், சரி நடு எண்டா வெறுமை, ரெண்டுக்கும் இடையில, 11 அடி ரூம்ல பின் சுவரில இருந்து ஒரு நாலடி தள்ளி இருந்தா எனக்குச் சரி வந்தது. ட்வீட்டர் காது உயரத்துக்கு வரணும். டைல்ஸ் தரைக்கு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில ஒரு தடிச்ச கம்பளம் போடுங்க, சல்லரி, ஆர்மோனியம் எல்லாம் கண்ணாடி மாதிரிக் கீறுறது உடனே குறையும். ஆனா கம்பளமோ மருதமுனை நெசவுத் திரையோ பேஸை ஒண்டும் செய்யாது, 57 ஹேர்ட்ஸ் அலைட நீளமே ஆறு மீற்றருக்கு மேல, அது துணியைக் கண்டு நிக்காது. நான் வீட்டில சும்மா கிடந்த ரெண்டு இலவம் பஞ்சு மெத்தையை மூலையில நிமித்தி வைச்சிருக்கன், நடுத்தரச் சத்தத்தில இருந்த குழப்பம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆகக் கீழ உள்ளதுக்கு ஸ்பீக்கர் தெரிவுதான் மருந்து.

பின்னால ஓட்டை உள்ள ஸ்பீக்கருக்கு ஒரு விசயம், இது எங்கட பக்கத்தில மட்டும்தான் நடக்கும் போல. போன வருசம் மூண்டு கிழமை வீடு பூட்டிக் கிடந்தது, வந்து போட்டா இடது பக்கம் குரல் ஒடுங்கிக் கேக்குது. வயரை மாத்திப் பாத்தன், அம்ப்ல பக்கம் மாத்திப் பாத்தன், அதே ஸ்பீக்கர்தான். டோர்ச் அடிச்சுப் பின் ஓட்டைக்குள்ள பாத்தா, உள் விளிம்போட ஒட்டி குளவி மண்கூடு கட்டியிருக்கு, பெருவிரல் அளவில மூண்டு அறை, ஒண்டு இன்னும் ஈரம் காயல்ல. பாதி ஓட்டை அடைபட்டிருந்தது. மெல்ல நனைச்சுச் சுரண்டி எடுத்தன், இனி வராம ஓட்டைக்குப் பழைய நுளம்பு வலையில ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கன். காத்து தாராளமாப் போகும், சத்தம் மாறல்ல. 3020ஐயோட ஃபோம் அடைப்பான் குடுப்பாங்க, சுவருக்குக் கிட்ட வைக்கிற ஆக்கள் அதைச் செருகினா முழக்கம் குறையும், குளவியும் வராது. அடைப்பான் இல்லாத ஸ்பீக்கருக்கு ஒரு சோக்ஸ் சுருட்டி வைச்சாலும் அதே வேலைதான்.

ஃபேனையும் மறக்க வேணாம். சித்திரை வெக்கையில ஃபேனைக் கூட்டாம இருக்கேலா, அந்த இரைச்சலுக்கு மேல பாட்டைக் கூட்டினா ரூம் முழங்குறதும் சேந்து கூடும். மெல்லிய சத்தத்திலயும் குரல் தெளிவா நிக்கிற ஸ்பீக்கரா எண்டு கடையிலயே சத்தத்தைக் குறைச்சு வைச்சுக் கேட்டுப் பாருங்க. கடைக்காரர் எப்பவும் கூட்டித்தான் போடுவார், நீங்க குறைக்கச் சொல்லுங்க. உங்களுக்கு நேரில கேட்டுப் பழகின சத்தம் ஒண்டை போன்ல கொண்டு போங்க, உடுக்கோ, கோயில் மணியோ, உங்கட பிள்ளை பாடினதோ. தெரியாத இங்கிலிஷ் பாட்டு நல்லாக் கேக்குது எண்டு தீர்ப்புச் சொல்லேலா. நான் என்ட சோடியைக் கேக்கக் கொழும்புக்குப் போய், ரெண்டு மணித்தியாலம் மத்தளமே போட்டுக் கேட்டிட்டு, பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு உதயதேவி ரெயின்ல வந்தனான். 2024 தையில இருந்து வற் வரி 18 வீதம், விலை கேக்கைக்க அது சேத்த விலையா எண்டும் கேளுங்க, வரன்டி யார் பாக்கிறது எண்டதை பில்லிலயே எழுதி எடுங்க.

மச்சான் பி6.2 தேடி ஒரு சோடி பிடிச்சிட்டார், பாவிச்சதுதான், ரப்பர் வளையம் நல்லா இருக்கு. அவர் கேக்கிறது பன்பாயில குந்திக்கொண்டு. நிலத்தில இருந்து காது வரைக்கும் அளக்கச் சொன்னன், 29 இஞ்சி. ஸ்பீக்கர்ட அடியில இருந்து ட்வீட்டர் வரைக்கும் 11. ஊர் ஓடாவியாரிட்ட 18 இஞ்சி உயரத்தில ரெண்டு ஸ்டாண்ட் சொல்லியிருக்கார், வேப்பம் பலகையில, கால் குழாய்க்குள்ள பாரத்துக்கு நிரப்பக் கடல் மண் வேணாம், உப்பு, ஆத்து மண் அரிச்சுப் போடச் சொல்லுங்க எண்டு நான் சொல்லி விட்டிருக்கன். வெள்ளிக்கிழமை வேலை முடியும், கூத்துப் பதிவை எடுத்துக்கொண்டு நானும் போறன்.